இரண்டாவது மீட்டருக்குத் தனிச் சமையல்

எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆளின் கையில் மாலை இல்லை. பூபாலனுக்கு முதலில் சந்தேகம் வந்தது அதனால்தான்.

திருவிடந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கல்யாணம் கூடிவரக் கோயிலில் வேண்டிக்கொள்ள வருகிறவர்கள். மாலையும் கையுமாக இருப்பார்கள். இந்த ஆளிடம் ஒரு தோல் பைதான் இருந்தது. போதாக்குறைக்கு, பூபாலன் வீட்டு மாடியில் இருந்த ஏசியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பூபாலன் ஜன்னலை விட்டு அடுப்படிக்கு ஓடினார்.

"வந்துட்டான் ரெபேக்கா! கரண்ட் ஆபீஸ் ஆளு. மப்டில வந்துகீறான். நீ மேல போ!"

"தோசையைத் திருப்பிட்டுப் போறேன்," என்றாள் மனைவி ரெபேக்காள்.

"உன் தோசை மேல்வூட்டுத் தோசை! அத்த ஏன் கீழ சுடுறே?"

எல்லாம் அந்த ஏசியால் வந்த வினை. கோடையில் வாங்கி மாட்டியதிலிருந்து, இரண்டு மாதக் கணக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தது. தாண்டினால் விலையே வேறு. பூபாலன் முட்டுக்காட்டில் படகுக்கு டிக்கெட் கிழிப்பவர். மகள் சிநேகாவின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பதை எல்லாம் ஏசியே குடித்துவிடும் என்று அவருக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

வழி சொன்னவன் எலெக்ட்ரீஷியன் ஜெபசிங்.

"ரெண்டு மீட்டரா பிரிச்சிடு அண்ணாத்த. ரெண்டுலயும் நூறு யூனிட் ஃப்ரீ, ரெண்டும் ஐந்நூறைத் தாண்டாது. ஆனா மேல ஒரு குடும்பம், கீழ ஒரு குடும்பம்னு இருக்கணும். தனி அடுப்பு கீதான்னு வந்து பாப்பாங்க."

"மேல குடித்தனம் வைக்க ஆளுக்கு நான் எங்கடா போவேன்?"

"அண்ணியை அனுப்பு."

அன்றே பூபாலன் மனு எழுதினார்: 'என் மனைவி என்னைப் பிரிந்து மாடியில் தனியாக வசித்து வருகிறார்.' ரெபேக்காள் அதை இரண்டு முறை படித்தாள்.

"இதைப் பாஸ்டர் பாத்தா இன்னா நினைப்பாரு?"

"பாஸ்டருக்குக் கரண்ட் ஆபீஸ்ல இன்னா வேலை?"

தனிச் சமையலுக்காக மாடிக்குக் கரண்ட் அடுப்பு வந்தது. பின்னாலேயே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும் ஏறியது. யூனிட் இன்னும் எகிறியது. மேலே போன ரெபேக்காள் பகலிலும் ஏசியைப் போட ஆரம்பித்தாள். கேட்டால், "தனியா வாழற பொம்பளை. வேர்த்து வடிஞ்சிகினு வேற கிடக்கணுமா?" என்றாள். இவள் நிஜமாகவே பிரிந்துவிட்டாளோ என்று பூபாலனுக்கு அவள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

அக்கம்பக்கத்தில் விசாரித்தால் மாட்டிக்கொள்வோமே என்று டீக்கடை நூர்முகமதுவிடமும் சொல்லி வைத்தார்.

"பாய், யாரு வந்து கேட்டாலும் புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் ஆவறதில்லன்னு சொல்லு."

"பொய்யாச்சே?"

"என் வூட்டுப் பொய்தானே பாய். உனக்கின்னா நட்டம்?"

நூர்முகமது தலையைச் சொறிந்தார். பிறகு சிநேகிதத்துக்காக ஒத்துக்கொண்டார்.

இப்போது ரெபேக்காள் தோசையோடு மாடியேறியதும், தோல் பைக்காரர் தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றார்.

"பூபாலன் வீடுதானுங்களே? இந்தப் பக்கமா வந்தேன். சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு..."

சும்மாவாம்! பூபாலன் மனசுக்குள் சிரித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்தவர் உட்காராமல் அடுப்படி வரைக்கும் கண்ணை ஓட்டினார்.

"வீட்ல எத்தனை பேருங்க?"

"கீழ நானு. மேல அவங்க."

"அவங்கன்னா?"

"ரெபேக்காள்னு பேரு. ஒரு காலத்துல என் சம்சாரம்."

வந்தவர் முகம் சுருங்கியது. "டீக்கடையில சொன்னாங்க. நான் நம்பலை."

நம்பவில்லையா! பூபாலன் அவரைக் கையோடு அடுப்படிக்கு இழுத்துப் போய் ஒரே ஒரு தட்டையும் ஒரே ஒரு டம்ளரையும் காட்டினார். அதுவும் போதாதென்று மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய்! மேல டேங்க் ரொம்பி வழியுது. மோட்டாரை நிறுத்து!"

"நீ யாரு என்னை அதிகாரம் பண்ண?" மாடியிலிருந்து குரல் வந்தது. "உன்னைக் கட்டிகினு இருபத்தெட்டு வருசமா இன்னா சுகத்தைக் கண்டேன்? எங்க அம்மா செத்தன்னிக்குக்கூட டூட்டிக்குப் போன ஆளு நீ!"

பூபாலன் அசந்துபோனார். இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று அவருக்குத் தெரியாது. நடிப்புதானா என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"உங்க பொண்ணு யார் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டார் வந்தவர்.

தலை எண்ணுகிறான் என்று பூபாலன் உஷாரானார். "காலைல மேல சாப்புடும். ராத்திரிக்குக் கீழ. கோர்ட்டு சொல்றவரைக்கும் அப்டித்தான்."

"கோர்ட்டு வரைக்கும் போயிடுச்சா?"

"கேஸ் நடந்துகினு கீது. வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"வேணாங்க. பார்த்ததே போதும்." தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்று பூபாலன் மாடிக்குப் போய், ரெபேக்காள் சுட்ட தோசையை ஏசியில் உட்கார்ந்து சாப்பிட்டார். "பார்த்ததே போதும்னுட்டான்! மீட்டர் வந்தா மாதிரிதான்."

மறுநாள் காலை வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரு பெண் இறங்கினாள்.

"கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வரேன் சார், சுஷ்மிதா. ரெண்டாவது மீட்டர் கேட்டிருந்தீங்களே, வீட்டைப் பார்க்கணும்."

"நேத்தே உங்காளு வந்து பாத்துட்டாரேம்மா?"

"எங்காளா? இந்த ஏரியாவுக்கு நான் மட்டும்தான் சார்."

பூபாலனுக்குக் காலையிலேயே வியர்த்தது. "அப்ப நேத்து தோல் பையோட வந்த ஆளு யாரு?"

எதிர்க்கடையிலிருந்து டீயோடு வந்த நூர்முகமது பெருமையாகச் சொன்னார்: "அவரா? மதுராந்தகத்துல நம்ம சிநேகாவுக்கு மாப்பிள்ளை கீதாம், அந்தப் பையனோட தாய்மாமா. குடும்பம் எப்டின்னு விசாரிச்சாரு, நீ சொல்லிக் குடுத்ததை ஒரு வார்த்தை வுடாம சொல்லிட்டேன் அண்ணாத்த!"