இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பின்தொடர்பவர்

"கேட்டா என்ன தப்பு?" என்றார் பிரேக் மாஸ்டர். "நான் அவங்களை ஃபாலோ பண்றேன். பதிலுக்கு அவங்களும் என்னை ஃபாலோ பண்ணணும். அதுதானே மரியாதை?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நர்ஸம்மா, ரவுண்டானாவுக்குள் நுழைய இடம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"கேக்கறதுதான் மாஸ்டர் தப்பு. வலைப்பூ எழுதற யாருக்கும் அது பிடிக்காது. பதிவைப் படிக்கணும், உருப்படியா ரெண்டு வரி எழுதணும், அப்புறம் வாயை மூடிட்டு இருக்கணும். அவங்களாத் தோணி வரணும்."

நர்ஸம்மா ஓட்டுவதில்தான் கற்றுக்குட்டி. அவருடைய வலைப்பூவை நாலாயிரம் பேர் படிக்கிறார்கள். மாஸ்டரின் 'மெதுவாகப் போகவும்' வலைப்பூவுக்கு நாற்பத்தொரு பேர். அதில் மனைவி ஒருவர், மச்சான் இரண்டு பேர். மாஸ்டருக்கு இருப்பது ஒரே மச்சான்தான். அவன் வேறு வேறு பெயரில் இரண்டு தடவை சேர்ந்திருந்தான்.

மாணவர்கள் பிரேக்கைத் தேடுவதற்குள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பதினெட்டு வருஷமாக ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிறார். தன்மேல் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பின்தொடர்ந்து, ஒவ்வொருவர் பதிவின் கீழும் "அருமை. நம்ம பக்கமும் வாங்க" என்று எழுதியிருந்தார். கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர் எழுதிய பதிவின் கீழும் அதே வரிதான்.

இப்போது அவர் குறிவைத்திருந்தது 'ரொட்டித் தோழி'யை. ஒன்பதாயிரம் வாசகர்கள் உள்ள ரொட்டி வலைப்பூ. அந்த அம்மா ஒருவர் வந்தால் பின்னாலேயே கூட்டம் வரும் என்பது மாஸ்டரின் கணிப்பு. வலைப்பூவில் போட்டிருந்த எண்ணையும் போனில் ஏற்றி வைத்திருந்தார்.

"சிக்னல் போடாம திரும்பறதுதான் தப்பு. நான் சிக்னல் போட்டுட்டுத்தான் கேக்கப்போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். நல்ல தமிழில் எழுதினார்:

'மதிப்பிற்குரிய அம்மா, ஒரு மாதமாக உங்களைத் தவறாமல் பின்தொடர்ந்து வருகிறேன். நீங்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாராவது என்றால் இதற்குள் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. நல்ல முடிவாக எடுங்கள். இப்படிக்கு, பிரேக் மாஸ்டர்.'

'ரொட்டி' என்று தட்டியதும் போன் காட்டிய முதல் பெயரை அழுத்தி அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

'சார், தப்புதான். இனிமே நடக்காது. என் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.'

மாஸ்டர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மேலே இருந்த பெயரைப் படித்தார். ரொட்டித் தோழி இல்லை. 'ரொட்டிக்கடை அம்மா'. போன பருவத்தில் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். மூன்றாவது தெருவில் கணவரோடு ரொட்டிக்கடை வைத்திருப்பவர். அவருக்கு வலைப்பூவெல்லாம் கிடையாது.

"ஆள் மாறிப்போச்சு," என்றார் மாஸ்டர். "ஒண்ணும் இல்ல. விளக்கமா ஒரு வரி போட்டா முடிஞ்சுது."

போட்டார்: 'தவறாக நினைக்க வேண்டாம். உங்களை மட்டும் இல்லை. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பின்தொடர்கிறேன். இதில் ஒளிவுமறைவே கிடையாது. எல்லாரும் பார்க்கும்படி பட்டியலை வெளியிட்டிருக்கிறேன்.'

உடனே பதில். 'பட்டியல்ல என் பேர் இருக்கா சார்?'

'இல்லை. விருப்பம் என்றால் இன்றைக்கே சேர்த்துவிடுகிறேன்.'

அதற்குப் பிறகு பதில் இல்லை. மாஸ்டர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். "பாத்தீங்களா? பக்குவமாச் சொன்னா யாரா இருந்தாலும் புரிஞ்சுப்பாங்க."

அரை மணி நேரம் கழித்து மனைவி கூப்பிட்டார். பயிற்சிப் பள்ளி மாமனாருடையது. ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுப்பதும் வகுப்புக்கு நேரம் குறிப்பதும் மனைவிதான்.

"என்னங்க, ரொட்டிக்கடையில இருந்து ஒரு பெரிய டப்பா கேக் வந்திருக்கு. மேல சீட்டு. 'மாஸ்டர், பெரிய மனசு பண்ணி என்னை விட்டுடுங்க'ன்னு எழுதியிருக்கு. யாரு அது? எதுக்கு விடணும்?"

"அது ஒண்ணும் இல்லம்மா. வலைப்பூ விஷயம்."

"அப்பா ஒரு துண்டு சாப்பிட்டுட்டு அப்புறம்தான் சீட்டைப் படிச்சார். மீதியைத் தொடவே இல்ல. நீங்க வந்ததும் பேசணுமாம்."

நர்ஸம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அந்த மெசேஜைக் காட்டுங்க மாஸ்டர்."

காட்டினார். நர்ஸம்மா படித்து முடிக்க நேரம் பிடித்தது.

"இதை நீங்க எழுதினதா நினைக்காம, முன்னபின்ன தெரியாத ஒரு ஆள் உங்க தங்கச்சிக்கு அனுப்பினதா நினைச்சுப் படிங்க."

மாஸ்டருக்குத் தங்கை இல்லை. இருந்தாலும் நினைத்துப் படித்தார். 'திரும்பிப் பார்க்கவில்லை' வரைக்கும் வந்தபோது காது சூடானது. 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்ற இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஆனால் ஒரு நிமிடம்தான். "நேர்ல போய் ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் சரியாயிடும். வண்டியை மூணாவது தெருவுக்கு விடுங்க."

அவர்கள் தெருமுனையில் திரும்பியபோது ரொட்டிக்கடை அம்மா மாவுத் தூசி படிந்த ஏப்ரனோடு கடை வேனில் ஏறிக்கொண்டிருந்தார். பயிற்சிக் காரின் கூரையில் இருந்த மஞ்சள் பலகையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வேனைக் கிளப்பினார்.

"பின்னாடி போங்க," என்றார் மாஸ்டர்.

"பின்தொடரலைன்னு சொல்றதுக்கா பின்தொடரணும்?"

"போங்க நர்ஸம்மா. ஹாரன் அடிங்க."

நர்ஸம்மா அடித்தார். வேன் வேகமெடுத்தது. மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அம்மா, நில்லுங்க, நான் தப்பானவன் இல்ல," என்று கத்தினார். நடைபாதையில் போன நாலைந்து பேர் நின்று அவரைப் பார்த்தார்கள். ரவுண்டானாவை வேன் மூன்று சுற்று சுற்றியது. காரும் மூன்று சுற்று சுற்றியது. அந்த அவசரத்திலும் வேன் ஒவ்வொரு சுற்றிலும் சரியாகச் சிக்னல் போட்டது.

"கை பதறல பாருங்க. நான் பழக்கினது," என்றார் மாஸ்டர் பெருமையாக.

நாலாவது சுற்றில் வேன் விலகி, நேராகப் போய்க் காவல் நிலைய வாசலுக்குள் நுழைந்து நின்றது. அம்மா இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினார்.

"வண்டியைத் திருப்பட்டுமா மாஸ்டர்?" என்றார் நர்ஸம்மா மெதுவாக.

"எதுக்கு? தப்பு பண்ணாதவன் ஓடக்கூடாது. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்." சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

அம்மாவை ஒரு பெண் காவலர் உள்ளறைக்கு அழைத்துப் போய்விட்டார். கதவுக்குப் பின்னால் விசும்பல் மட்டும் கேட்டது. முன் மேஜையில் இருந்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள போன அந்தம்மாவைப் பின்தொடர்ந்து வந்தது நான்தான் சார்," என்றார் மாஸ்டர். "ஆனா ஒரு மாசமா பின்தொடர்ந்தது வேற ஒரு அம்மாவை."

ஏட்டு பேனாவைத் திறந்தார். "மொத்தம் எத்தனை பேர்?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"எல்லாரும் பொம்பளைங்களா?"

"தெரியாது சார். பாதிப் பேர் முகம் காட்ட மாட்டாங்க."

"எப்பப்போ பின்தொடருவீங்க?"

"காலைல டீ குடிக்கறப்ப அரை மணி நேரம். மதியம் வகுப்பு இல்லைன்னா கொஞ்சம்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு சார். அவளையும் பின்தொடர்றேன். அவ ஒருத்திதான் நான் கேக்காமயே திரும்பப் பின்தொடர்றா."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மாஸ்டர் நிதானமாக, எதையும் மறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னார். வலைப்பூ என்றால் என்ன, 'நம்ம பக்கமும் வாங்க' என்று எழுதுவது ஏன், ஆள் மாறியது எப்படி, கேக் டப்பாவில் மாமனார் எத்தனை துண்டு சாப்பிட்டார் என்பது உட்பட. இனி யாரிடமும் திரும்பப் பின்தொடரச் சொல்லிக் கேட்பதில்லை என்று தன் கைப்பட எழுதினார். தேதி போட்டார். கையெழுத்தும் போட்டார். நர்ஸம்மாவைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. பெண் காவலர் வெளியே வந்து மேஜையில் கிடந்த காகிதத்தைப் படித்தார். மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு சார் இதெல்லாம் எழுதிக் குடுக்கறீங்க? ஒரு மாசமா லைசென்ஸே இல்லாம வேன் ஓட்டினேன், மாஸ்டர் பின்னாடியே வந்து கண்டுபிடிச்சுட்டார்னு அந்தம்மா உள்ள அழுது ஒப்புத்துக்கிட்டிருக்காங்க."