எட்டாம் இடம்

“வருமான வரிசையில ஏழு மாவட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்குது அண்ணே. கோக்பெல் மட்டும் இருபது வருஷமா எட்டாம் இடத்தை விட்டு அசையல. எப்ப மேல வரும்னு கேட்டா மென்பொருள் ‘முடிவிலி’ங்குது.”

சொன்ன பிறகுதான் எர்மெக் நாக்கைக் கடித்துக்கொண்டான். கோக்பெல் அவனுடைய மேலதிகாரி துர்குன்பெக்கின் சொந்த ஊர். புள்ளிவிவர அலுவலகத்தில் சேர்ந்து ஆறே மாதம். வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேசையில்தான் கையெழுத்துக்குக் கிடந்தது.

அவரோ கோபப்படவில்லை. “சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வா” என்றார். அங்கே தாடி நரைத்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்க, வெந்த ஆட்டுத்தலையை எர்மெக்கின் முன்னால் வைத்தார்.

“அறிக்கையை நீயே அனுப்பிடுப்பா. நான் வேற பாக்கணுமா என்ன?”

மூத்தவருக்கு வைக்கிற தலை, இருபத்தாறு வயசுப் பயலுக்கா! ‘என் ஊரை மேலே ஏற்று’ என்று வாய்விட்டுக் கேட்க முடியாமல், மனுஷர் ஆட்டுத்தலையை வைத்துக் கேட்கிறார் என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று.

பொய்க்கணக்கு எழுத மனம் வரவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. வருமானக் கணக்குக்காகக் கால்நடைகளை ஜூன் மாதம் நின்ற இடத்தில் எண்ணுவார்கள். அப்போது கோக்பெல் ஆடுகள் எல்லாம் கணவாய் தாண்டி, தாஷ்புலாக் மாவட்டத்தில் மேயும். ஆடுகளைச் சொந்தக்காரர்களின் ஊர்க் கணக்கில் சேர்த்து மென்பொருளை ஓட்டினான். கோக்பெல் ஏழுக்கு ஏறியது.

ஒன்று ஏறினால் ஒன்று இறங்கத்தானே வேண்டும்? தாஷ்புலாக் எட்டுக்கு வந்தது. அது அவன் மனைவி ஜிபெக்கின் ஊர்.

“எங்கப்பாவைக் கடைசியில நிறுத்திட்டு, எந்த மூஞ்சியோட எங்கிட்ட சாப்பாடு கேக்கறீங்க?”

மறுநாள் அலுவலகத்தில் பட்டினியோடு மறுபடி உட்கார்ந்தான். தாஷ்புலாக் குதிரைகள் சாரிஓய் புல்வெளியில் மேய்ந்தன. அவற்றையும் வீட்டுக்குத் திருப்பினான். இப்போது சாரிஓய் எட்டு. அறிக்கையை ஆளுநர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேநீர் கேட்டான்.

தேநீர் கொண்டுவந்த பெர்மெத் அக்கா திரையை எட்டிப் பார்த்தாள். “சாரிஓய்யா? அது ஆளுநர் பொறந்த ஊராச்சே தம்பி!”

அனுப்பிய அறிக்கையைத் திரும்பப் பெற வழியுண்டா என்று எர்மெக் திரையில் தேடினான். அதே நேரம் உள்ளே தொலைபேசி அடித்தது. பத்து நிமிடம் கழித்து துர்குன்பெக் வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஆளுநர்தான். உன்னை வானளாவப் புகழ்ந்தார். அவர் ஊருக்குப் பெரிய நல்லது பண்ணிட்டியாம்.”

“அப்பாடா! அப்புறம் ஏண்ணே ஒரு மாதிரி இருக்கீங்க? கோக்பெல்லும்தான் மேல வந்துடுச்சே!”

துர்குன்பெக் தன் அறைக்குத் திரும்பினார். மேசையில் கையெழுத்துக்குக் கிடந்த காகிதத்தை எடுத்து நாலாக மடித்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

பெர்மெத் அக்காவும் கோக்பெல்காரிதான். கோப்பையை டங்கென்று வைத்தாள்.

“கடைசி மாவட்டத்துக்கு மட்டும்தான் குளிர்கால நிலக்கரி சும்மா வரும். எங்க பக்கம் புல்லுக்கா பஞ்சம்? நீங்க எண்ணிடக் கூடாதுன்னுதானே தம்பி, ஜூன் பொறந்தா ஆட்டையெல்லாம் கணவாய் தாண்டி ஓட்டறோம்!”