நெடுந்தொடர் நீட்சி ஆய்வுக் குழு

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் புகழேந்தி, விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்தார். நடவுக்கு வரும் பெண்கள் பன்னிரண்டு மணிக்கே சீரியல் பார்க்கக் கரையேறிவிடுகிறார்கள். அந்தச் சீரியலோ ஆறு வருஷமாக ஓடுகிறது. குறுவை நாற்றுக்கு இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் நடாவிட்டால் முற்றிப்போகும். ஆகவே கலெக்டர் சமூகம் தயவுகூர்ந்து மேற்படி சீரியலைச் சீக்கிரம் முடித்துவைக்க வேண்டும்.

உரம் கேட்டும் வாய்க்கால் தூர்வாரக் கேட்டும் அவர் முன்பு கொடுத்த மனுக்கள் போன இடம் தெரியாது. இதற்கு மட்டும் மறுநாளே பதில் வந்தது. சீரியல்கள் ஏன் நீளுகின்றன என்று ஆராய ஒரு குழு. அலுவலகத்தில் டிவி இல்லாத காரணத்தால் மனுதாரர் வீட்டிலேயே அமரும்.

குழுத் தலைவர் நாகேஸ்வரன் தலையணையோடு வந்து இறங்கினார்.

“ஆயிரத்து எழுநூறு எபிசோடும் நெட்ல இருக்கு. மொதல்லேருந்து பார்த்துடுவோம்.”

“நாத்து தாங்காதுங்க சார்.”

“முன் ஆவணத்தப் பார்க்காம நான் எப்படிக் குறிப்பு எழுதுறது? நீங்களும் உக்காருங்க. மனுதாரர் இல்லாம விசாரணை செல்லாது.”

புகழேந்தி வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். மாமியார் விஷம் வைத்த பாயசம் மருமகளின் வாய்க்குப் போய்ச் சேரவே மூன்று எபிசோடு ஆயிற்று. “குடிச்சாளா?” என்று அவரே கேட்டுவிட்டார். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது.

குழுவில் இளையவரான ரோஹிணி மட்டும் விவரமாகப் பேசினார். “வெப் சீரிஸ்னா எட்டே எபிசோடு சார். சந்தாவ மொதல்லயே வாங்கிடுறாங்க, கதைய முடிச்சாலும் நஷ்டமில்ல. சீரியலுக்கு விளம்பரந்தான் சோறு. முடிச்சா சோறு போச்சு. அதான் நீளுது. ஒரே பக்கத்துல எழுதி இன்னைக்கே அனுப்பிடலாம்.”

“அனுப்பிட்டா குழுவக் கலைச்சிடுவாங்களேம்மா,” என்றார் நாகேஸ்வரன் பரிவாக. மறுநாள் ரோஹிணி வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். குழுவுக்கு மூன்று மாதம் நீட்டிப்புக் கிடைத்தது.

ஐந்தாம் நாள், நடவுப் பெண்களைக் கூட்டிவரும் பிரகதீஸ்வரி வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, நாங்க சீரியல விட்டுட்டோம். செல்லுல வெப் சீரிஸ்தான். ஞாயித்துக்கெழம ஒரே மூச்சுல பார்த்து முடிச்சாச்சு. இருவது பேரு வரப்புல நிக்கிறோம். நீங்க வந்து டிராக்டர எறக்கி வயலச் சமன் பண்ணிக் குடுத்தா நட்டுடுவோம்.”

புகழேந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இரு தாயி. கோமாவுலேருந்து மாமியா கண்ணு முழிக்கிறா. இது முடியட்டும்.”

“எப்ப முடியும்?”

“அதைத்தாம்மா ஆராய்ஞ்சிட்டிருக்கோம்,” என்றார் நாகேஸ்வரன்.

நாற்று முற்றிப்போயிற்று. புகழேந்திக்குக் குறுவை போனது, பெண்களுக்குக் கூலி போனது. வயிறெரிந்த பிரகதீஸ்வரி அடுத்த கூட்டத்தில் மனு கொடுத்தார்: நிலத்துக்காரர் சீரியலே கதியென்று கிடக்கிறார், சமூகம் அவரை வயலுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

இதற்கும் மறுநாளே பதில் வந்தது. பொருள் ஏற்கெனவே ஆய்வில் உள்ளது. புதிய மனுதாரரும் பாதிக்கப்பட்ட இருபது பேரும் தினமும் குழுமுன் ஆஜராக வேண்டும். விசாரணை முதல் எபிசோடிலிருந்து மீண்டும் நடத்தப்படும்.

முதல் நாள் இருபது பேரும் புகழேந்தியைத் திட்டித் தீர்த்தார்கள். இரண்டாம் நாள் விளம்பரம் வந்தபோது மட்டும் திட்டினார்கள். மூன்றாம் நாள் அவருக்கே மனசு கேட்காமல், சம்பாவுக்காவது நேரத்தோடு நாற்று விட்டுவிடலாம் என்று பேச்செடுத்தார்.

“கொஞ்சம் சும்மா இருங்கண்ணே,” என்றார் பிரகதீஸ்வரி. “வசனம் காதுல விழல.”