மாப்பிள்ளை காலுக்குச் சேராத பனி பூட்ஸ்

ரங்கூன்,
குரோதன வருஷம், மாசி மாதம்.

லண்டனில் டாக்டருக்குப் படிக்கும் மகா-ராஜ-ராஜஸ்ரீ இளைய மாப்பிள்ளை சோமசேகரம் அவர்களுக்கு, மாமனார் ராஜரத்தினம் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் தங்கள் மாமியார் ரத்தினம்மாளும் சௌக்கியம். அவ்விடம் தங்கள் குதிகால் சௌக்கியமில்லை என்பதைக் கடிதத்தாலும், கூடவே திரும்பி வந்த பூட்ஸாலும் அறிந்தோம்.

பூட்ஸ் தொளதொளவென்று இருந்ததாம். சுவிட்சர்லாந்துப் பனிமலையில் சறுக்குக் கட்டையில் ஏறி நின்றதும் கட்டை ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம், தாங்கள் ஒரு பக்கமாகப் போனீர்களாம். துரைசானிகள் சிரித்தார்களாம். அது போகட்டும். ‘என் கால் அளவுகூடத் தெரியாதவர் வீட்டுக்கு நான் சித்திரையில் வரப்போவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்? அழைத்துப் போக வருவீர்கள் என்று பெட்டி கட்டி வைத்திருந்த கனகாம்பாள், அதைப் படித்த நாளாய்ச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போகிறாள். பெற்ற வயிறு எரிகிறது ஐயா! பெண்டாட்டியைவிட பூட்ஸ் பெரிதாய்ப் போய்விட்டதா?

அங்கே விற்கிற பூட்ஸெல்லாம் துரைமார் காலுக்குத் தைத்தவை, வெறுங்காலோடு வளர்ந்த என் விரல்கள் அதில் அடங்கவில்லை, தலைதீபாவளிச் சீராக ரங்கூனிலேயே தைத்து அனுப்புங்கள் என்று எழுதினது யார்? நானா? பெரிய மாப்பிள்ளை தங்கவேலு இதே வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு ஒரு வேட்டி கொடுத்தேன், வாயைத் திறக்காமல் கட்டிக்கொண்டார். தங்களுக்குத்தான் பனியில் சறுக்க வேண்டும். “மழைக்காலத்துல நம்ம புழக்கடைப் பாசியில வழுக்கி விழறதுக்கு யாரும் பூட்ஸ் கேட்கலியே” என்றாள் தங்கள் மாமியார். அவளை அடக்கிவிட்டு, லத்தாத் தெருவில் பூட்ஸ் தைக்கும் ஆ சோய் என்கிற சீனாக்காரரிடம் போனேன்.

அவர், “காலு எங்கே ஸயா? காலு இல்லாம பூட்ஸ் எப்படி?” என்றார். கடுதாசியில் கால் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள் என்றார். கப்பல் போய்த் திரும்புவதற்குள் தீபாவளி கடந்துவிடாதா? அதோடு, மாப்பிள்ளை காலை மாமனார் கேட்டு எழுதுவதா? கல்யாணத்தன்று தாம்பாளத்தில் வைத்து இந்தக் கையால் பாதபூஜை செய்த கால் அல்லவா! “கை அறியும் ஐயா!” என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷர் மரத்தில் ஒரு கால் செதுக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி, இங்கே அகலம், அங்கே நீளம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பெருவிரல் விஷயத்தில் கொஞ்சம் சந்தேகம் வந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால்தான் ஞாபகம் வரும் என்று ஒரு செம்பு வாங்கி ஊற்றினேன். “ஐயோ ஸயா, மரம் வீங்கிப் போயிடும்!” என்று அவர் கத்துகிறார், கடை வாசலில் கூட்டம். எதிரே மொஹிங்காப் பலகாரம் விற்கிற பர்மாக்காரி அதைச் சாமி பாதம் என்று எண்ணிப் பூ வைத்துவிட்டுப் போனாள். தெருவில் இப்படி மானம் போகத் தைத்த பூட்ஸைத்தான், சேரவில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்!

குளிரில் கால் சுருங்கியிருக்கும். டாக்டருக்குப் படிக்கிறவருக்கு இதைக்கூட நானா சொல்லித் தர வேண்டும்? கால் சுருங்கினதுக்கு மாமனார் என்ன பண்ணுவான்? என் கை தப்பாது. தப்பியது என்று யாராவது ருசுப்படுத்தட்டும், அந்த பூட்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு லத்தா முழுக்க நடக்கிறேன்.

கனகாம்பாள் நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். உண்மையில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும், கோபம் மட்டும் குறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பாதம் அறிந்த மாமனார்,
ராஜரத்தினம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கவேலு வேலையிலிருந்து வந்தார். புழக்கடைக்குப் போக, வாசலில் கிடந்த அந்த பூட்ஸை மாட்டிக்கொண்டார். அளவெடுத்துத் தைத்தாற்போல் இருக்கிறது. மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார், கழற்ற மாட்டேன் என்கிறார். தங்கள் மாமியார் சொல்கிறாள்: “ஒரே பந்தல்ல ரெண்டு கல்யாணம் பண்ணீங்களே, தேச்சுக் கழுவினது பெரியவர் காலைத்தானே? முகூர்த்தம் தப்புதுன்னு ஐயர் கத்தினதும் சின்னவர் காலுல சும்மா தண்ணியத் தெளிச்சிட்டு எழுந்துட்டீங்க!” ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக எண்ணிக்கொள்ளவும். சித்திரையில் இரண்டு காலோடும் அவசியம் வரவும். வாசலிலேயே செம்போடு நிற்கிறேன், இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன். ஆ சோயும் பக்கத்தில் நிற்பார்.