அலமாரிக்குள் ஒரு முதலாளி

அலுவலகத்தில் அவருக்கு 'முடிச்சிடலாம்' என்று பெயர். எந்த வேலையைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் "முடிச்சிடலாம் சார்" என்பார். முடிப்பது வேறு யாராவது. சொல்வது மட்டும் அவர்.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் வேலையை விட்டார். சும்மா விடவில்லை. மானேஜர் அறையின் நடுவில் நின்று, "இனிமே நான் யாருக்கும் கீழ வேலை பார்க்கறதா இல்ல. ஒரு நாள் நீங்களே என்னைத் தேடிக் கூப்பிடுவீங்க சார்!" என்று முழங்கிவிட்டுத்தான் வெளியே வந்தார். உடம்பெல்லாம் புல்லரித்தது. வீடு வரும்வரை புல்லரிப்பு அடங்கவில்லை.

வீட்டில் மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டுகிறவள். எறும்புக்குக்கூடச் சின்னதாகத் தெரியும் திருகாணியைப் பேசிக்கொண்டே மாட்டிவிடுவாள்.

"கம்பெனி ஆரம்பிச்சுட்டேன்" என்றார்.

"என்ன கம்பெனி?"

"இப்பல்லாம் அலமாரி, கட்டில் எல்லாம் பலகை பலகையா பெட்டியில போட்டு விக்கறான்ல? வீட்டுக்கே போய் மாட்டிக்குடுக்கறது."

"யார் மாட்டிக்கப் போறா?"

"மாட்டிக்கறது இல்லம்மா, மாட்டிக்குடுக்கறது. நான்தான்."

"அதேதான் நானும் கேட்டேன். ஏங்க, நம்ம வீட்டுப் புத்தக அலமாரிய நீங்கதானே மாட்டினீங்க?"

"நிக்குதா இல்லையா?"

"செவுரு நிக்குது. அது மேல இது சாஞ்சிருக்கு."

"தொழில்முனைவோருக்கு முதல்ல வேண்டியது தன்னம்பிக்கை. அது என்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு."

"மூட்டையை இறக்கி வைங்க. ஸ்க்ரூ டிரைவர்ல முனை எது, பிடி எது? அதச் சொல்லுங்க, தொழில்முனைவோரே!"

பெரிய மனிதர்கள் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

தெரிந்தவர்களிடமெல்லாம் கம்பெனியைப் பற்றி முழங்கிவிட்டு, போன் வரும் வரும் என்று காத்திருந்தார். வந்ததெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்ட போன்கள். முதலில் மிடுக்காக "இன்னிக்கு பிஸி" என்றார். பிறகு பேச்சுத்துணைக்காக அவர்களிடமே குடும்ப நலம் விசாரிக்க ஆரம்பித்தார். மனைவி கவனித்தாள்.

ஒரு காலையில் நிஜமாகவே போன் வந்தது. மானேஜர்!

"யோவ் முடிச்சிடலாம், அலமாரி மாட்டற கம்பெனி வச்சிருக்கியாமே? மூணு கதவு அலமாரி ஒண்ணு வாங்கிட்டேன். என் மாமியார் இன்னிக்கு சாயங்காலம் வந்து இறங்கறாங்க. அவங்க ரூமுக்கு. அதுக்குள்ள மாட்டிடுவியா?"

"முடிச்சிடலாம் சார்!"

போனை வைத்ததும் குதித்தார். குதித்த வேகத்தில் புத்தக அலமாரி சுவரை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தது.

"நானும் வரட்டுமா? லீவு சொல்லிடறேன்" என்றாள் மனைவி.

"முதலாளி பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டா வேலைக்குப் போவான்? நான் சவால் விட்டுட்டு வந்த மனுஷன் முன்னாடி கெத்தா போய் நிக்க வேணாமா?"

"சரி, பெட்டிக்குள்ள படம் போட்ட தாள் ஒண்ணு இருக்கும். அதையாவது பாருங்க."

"பார்த்துப் பார்த்துச் செய்யறவன் தொழிலாளி. பார்க்காமலே செய்யறவன் முதலாளி!"

மானேஜர் தன் வீட்டுக்கு வந்தவரிடம் அறையைக் காட்டிவிட்டு, மாமியாரை அழைத்துவர ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். போகும்போது, "வேலை சரியா இல்லேன்னா திங்கட்கிழமையே பழைய சீட்டுக்கு வந்துடு. காலியாத்தான் இருக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. அடிப்பலகை, பக்கப்பலகை, முதுகுப்பலகை. எல்லாம் எப்படியோ நின்றன. கதவுகளையும் மாட்டினார். உலகத்து அலமாரிக் கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். இவர் மாட்டியவை உள்பக்கம் திறந்தன. 'புது டிசைன்' என்று தன்னையே தட்டிக்கொடுத்தார்.

பாக்கி இருந்தது நடுத்தட்டு ஒன்றுதான். வசதியாக இருக்கட்டும் என்று அலமாரிக்குள்ளேயே போய் நின்றுகொண்டு, கதவைச் சாத்தி, தனக்கும் கதவுக்கும் நடுவில் நெஞ்சுயரத்தில் தட்டை வைத்துத் திருகித் திருகி முடுக்கினார். மலையையே தூக்கி வைத்தாலும் தாங்கும்! திருப்தியாகக் கதவை இழுத்தார்.

கதவு தட்டில் இடித்து நின்றது.

அடுத்த கதவை இழுத்தார். அதுவும் இடித்தது. மூன்றாவதும் மற்ற இரண்டையும் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. பதற்றத்தில் ஸ்க்ரூ டிரைவர் கையை விட்டு நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்கலாம் என்றால் தட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. தன் வாழ்நாளில் அவர் உறுதியாக மாட்டிய ஒரே பலகை அதுதான்.

இருட்டில் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. திங்கட்கிழமையும் ஞாபகம் வந்தது. சட்டைப்பையிலிருந்த போனை எடுத்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம். கொஞ்சம் மானேஜர் வீடு வரைக்கும் வந்துட்டுப் போறியா?"

திறந்திருந்த வாசல் வழியாக மனைவி வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"உள்ள."

"எதுக்குள்ள?"

"அதுக்குள்ள."

வெளியே சிரிப்புச் சத்தம். ஆள் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"சிரிச்சது போதும், திற! அவங்க வந்துடுவாங்க!"

"திறக்கறேன். கம்பெனியில எனக்கு என்ன போஸ்ட்டு?"

"இப்ப அதுவா முக்கியம்? அசிஸ்டென்ட்டுன்னு வச்சுக்கோ."

"அப்ப நான் கடைக்குக் கிளம்பறேன்."

"இரு இரு! மானேஜர்!"

"கேக்கல."

"பார்ட்னர்! பாதிக்குப் பாதி!"

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"தெய்வமே, நீதான் எல்லாம்!"

"எல்லாம்னா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"முதலாளி!"

"காதுல சரியா விழலீங்க."

"முதலாளீ...!"

அறைக்கதவைத் திறந்துகொண்டு மானேஜரும் மாமியாரும் உள்ளே வந்தார்கள்.

"என்னை யாரோ முதலாளின்னு கூப்பிட்ட மாதிரி இருந்ததே?" என்றார் மானேஜர்.

"என்னைத்தான் சார் கூப்பிட்டார்" என்று மனைவி எழுந்து நின்றாள். "எங்க ஸ்டாஃப். உள்ள இருக்கார்."

"அலமாரிக்குள்ளயா?"

"உறுதி பார்க்கற சோதனை சார். உள்ள ஒரு ஆளை நிக்க வச்சு, ஆட்டி, குலுக்கி, பலகை தாங்குதான்னு பார்த்துத்தான் ஒப்படைப்போம். மத்தவங்கள்லாம் மாட்டிட்டு ஓடிடுவாங்க. எங்களுக்கு மனசு கேக்காது."

அவருக்கு அலமாரிக்குள்ளேயே கண் கலங்கியது. மானேஜர் முன்னால் மானம் போகாமல் காப்பாற்றிவிட்டாளே! அந்த நன்றியில் அவசரப்பட்டு உள்ளிருந்து, "பலகை ரொம்ப நல்லா தாங்குது முதலாளி!" என்றார்.

மாமியார் அலமாரியை நெருங்கி, கதவைக் கையால் தட்டினார். "தம்பி, காத்து வருதா?"

"வருதும்மா!"

"பரவாயில்லையே. மாப்பிள்ளை, நீங்க வாங்கினதுல உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான்."

மானேஜர் அன்று வரை மாமியார் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டவரில்லை. ஆடிப்போய்விட்டார். "யோவ்... சார்... முடிச்சிடலாம் சார், ரொம்ப தேங்க்ஸ்!" என்று கதவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"காபி குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள ரெடியா இருக்கும்" என்று மனைவி இருவரையும் அனுப்பினாள். தாளைப் பார்த்தாள். வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த ஸ்க்ரூ டிரைவரால் பக்கப்பலகையைக் கழற்றினாள். வியர்த்துக் கொட்ட ஒரு தொழில்முனைவோர் பக்கவாட்டில் பிறந்தார்.

"சும்மாதானே முதலாளின்னு சொல்லச் சொன்னே?" என்று கேட்டார்.

"உங்க வாய் இல்லேன்னா இந்த வேலை நமக்கு வந்திருக்குமா? நீங்க பேசுங்க, பிடிங்க. நான் மாட்டறேன். நம்பிக்கையில 'நம்பி' நீங்க, 'கை' நான்."

கதவுகளை அவள் திருப்பி மாட்டினாள். அவை வெளிப்பக்கம், வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திறந்தன. அவர் மளமளவென்று துடைத்துப் பளபளப்பாக்கினார். அதில் அவர் கெட்டிக்காரர் என்பது அன்றுதான் தெரிந்தது.

மாமியார் திரும்பி வந்து திறந்து மூடி, மூடித் திறந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என் மத்த பொண்ணுங்க ரெண்டு பேர் வீட்டுலயும் அலமாரி பிரிக்காம கிடக்கு. அங்கயும் நீங்களே வந்து மாட்டிக்குடுக்கணும்."

அவர் நெஞ்சை நிமிர்த்தி, விலாசம் வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஆனா உள்ள நிக்க வைக்கறதுக்கு இதே ஆளைத்தான் கூட்டிட்டு வரணும். இவர்தான் சரியான அளவு."

"கவலையே படாதீங்கம்மா" என்றாள் மனைவி. "அந்த போஸ்ட்டுக்கு இவரை விட்டா எங்ககிட்ட தகுதியான ஆள் கிடையாது."