ஆன் ஆஃப் சாரும் எட்டுப் பிள்ளைகளும்

உலகத்தில் அரைச் சீனி என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஆன் ஆஃப் சார் ஒருவர்தான்.

சங்கரன்கோவிலில் நான் சமூக அறிவியல் எடுக்கும் பள்ளியில் அவர் கம்ப்யூட்டர் வாத்தியார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். டீக்கடைக்காரர் தெரியாத்தனமாக, “சீனி அரையா சார்?” என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்.

“அரைன்னு ஒண்ணு கெடையாது வே. ஒண்ணு போடும், இல்லைன்னா போடாதேயும். மெஷினுக்குள்ள எல்லாமே ஆன், இல்லைன்னா ஆஃப். பாட்டு, படம், ஒம்ம போன்ல வார குட்மார்னிங், எல்லாம் அந்த ரெண்டுதான். நடுவுல ஒண்ணுமே கெடையாது!”

சாப்பிட்டாச்சா என்றால் “ஆன்.” தலைவலி எப்படி இருக்கிறது என்றால் “ஆஃப்.” வாசுதேவநல்லூருக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும், பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு “ஆன்” என்றே சொன்னார். பெண் ஆஃப். கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பள்ளிக் கம்ப்யூட்டர்களில் வைரஸ் புகுந்தபோது எங்கள் தாளாளர் செலவு செய்யவில்லை. எல்லா நோய்க்கும் மருந்தென்று ஊரே பூசும் கோவில் புற்றுமண்ணைக் குழைத்து எல்லாப் பெட்டிகளிலும் பூசிவிட்டார். அந்த மண்ணில் எனக்கும் நம்பிக்கை உண்டு, கட்டிக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் காய்ந்து உதிர்ந்த மண் பெட்டிக்குள் போய் விசிறிகளை அடைத்ததில், ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. தாளாளர் கோபம் முழுக்க சார் மேல் திரும்பியது.

“பெற்றோர் கூட்டத்துல கம்ப்யூட்டர் பாடம்னா என்னன்னு செஞ்சு காட்டும் வே. இல்லைன்னா லேபை மூடிருவேன், நீரும் கெளம்பிரும்.”

கூட்டத்தன்று, நம் ஊர் வழக்கப்படி, கரண்ட் போனது. பிழைத்திருந்த ஒன்றும் கண்ணை மூடியது. சார் அசரவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டுப் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“இவங்கதான் கம்ப்யூட்டர். நின்னா ஆன், ஒண்ணு. உக்காந்தா ஆஃப், பூஜ்யம். இப்பம் எண்ணப் போறாங்க!”

எண்ணினார்கள். இந்தக் கணக்கில் ஒரு விசேஷம். ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசிப் பிள்ளை மாறியே ஆக வேண்டும். ஒன்றுக்கு எழ வேண்டும், இரண்டுக்கு உட்கார வேண்டும், மூன்றுக்கு மறுபடி எழ வேண்டும். முன்னால் போகப் போக வேலை பாதி பாதியாகக் குறையும். முதல் பிள்ளைக்கோ நூற்று இருபத்தெட்டு வரை வேலையே கிடையாது. அவன் சொகுசாகத் தூங்கிவிட்டான்.

கடைசிப் பிள்ளைக்கு வேர்த்து ஊற்றியது. நானே அசந்துபோனேன். ஒரு தப்பு இல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தாமதமாக உள்ளே நுழைந்தார் ராயகிரி உரக்கடை அண்ணாச்சி. பள்ளிக்கு வேன் வாங்கிக் கொடுத்த புண்ணியவான். கடைசிப் பிள்ளையைப் பெற்ற புண்ணியவானும் அவரே.

“ஏ, என்னய்யா இது! மத்த பிள்ளைய எல்லாம் சும்மா இருக்கு, ஒண்ணு ஒறங்குது. எம்பிள்ளை மட்டும் தோப்புக்கரணம் போடுதான்! இதுக்கா பீஸ் கெட்டுதோம்?”

“தண்டனை இல்ல அண்ணாச்சி. உங்க பையன் கடைசி, அதனால...”

“எம்பிள்ளையா கடைசி?”

அதற்குமேல் சார் பேசியது யார் காதிலும் விழவில்லை. பிள்ளைகள் மட்டும் நிறுத்தவில்லை, எண்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். தாளாளர் ஓடிவந்து அண்ணாச்சி மகனுக்கு விசிறினார். சாரைப் பார்த்து, “நாளையிலருந்து நீரு வரண்டாம்” என்றார்.

இப்போது அந்தப் பீரியடில் பி.டி. மாஸ்டர் டிரில் எடுக்கிறார். பிள்ளைகள் எழுகிறார்கள், உட்காருகிறார்கள், எழுகிறார்கள். உரக்கடை அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. இந்த ஊரைத் திருத்த முடியும் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுவரை நான் சாரோடு கூடப் போனேன். ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

“மனசு எப்படி சார் இருக்கு?” என்று கேட்டேன்.

பஸ் நகரும்போதுதான் சொன்னார்.

“ரெண்டுக்கும் நடுவுல கெடக்கு டீச்சர்.”

ஆஃப் என்று சொல்லியிருந்தால்கூட வீட்டுக்கு வந்து சோறு தின்றிருப்பேன். அந்த மனிதரையே நடுவில் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்களே, பாவிகள்.