மலைக்கு அந்தாண்ட அயர்லாந்து

கள்ளக்குறிச்சியை விட்டு நகராமலே அயர்லாந்தில் குடியிருந்த ஒரே ஆள் எங்கள் ‘ஐரிஷ்’தான். கல்லூரி விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். வீட்டில் வைத்த பெயர் அவன் அப்பாவுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

ஆங்கில வகுப்பில் ஓர் ஐரிஷ் கவிஞரின் சிறுவயதைப் பற்றி அவனைப் பேசச் சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்தது அந்த அயர்லாந்துப் பைத்தியம். மழை மேகம் கல்வராயன் மலைமேல் இறங்கினால் போதும், ஜன்னலோரம் போய் நின்றுகொள்வான்.

“தோ, அந்தச் சரிவுலதான்டா சின்ன வயசுல அவரு சுத்திக்கினு இருந்தாரு.”

நீலமாய்க் கரையும் அந்த மலையைப் பார்த்தால் எங்களுக்கும் கண் சொக்கிவிடும். நம்பிவிடுவோம்.

பரீட்சையில் எந்தக் கேள்விக்கும் கவிஞரின் பால்யம்தான் பதில். விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொன்னதற்கு, கவிஞரின் அப்பா தலைமையாசிரியருக்கு எழுதுவதாக எழுதிவைத்தான். பேராசிரியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் போன் போட்டு அவன் அப்பாவை வரவழைத்தார். அவர் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“உங்க பையன் எந்நேரமும் கனவுலயே இருக்கான். படிப்பு ஏறலை. கூட்டிட்டுப் போயிடுங்க.”

ஐரிஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அப்பா, அவருக்கும் சின்ன வயசுல படிப்பு ஏறலப்பா. ரொம்ப நாளு எழுத்துக்கூட்டவே வரல. சொந்தக்காரங்கல்லாம் இவன் தேறமாட்டான்னுட்டாங்க. அவங்கப்பாதான் குந்தவெச்சி சொல்லிக் குடுத்தாரு.”

“அப்புறம்?”

“காலேஜுக்குப் போற அளவுக்குப் படிப்பு பத்தல. படம் வரையற ஸ்கூல்ல சேந்தாரு. மலையப் பாத்துக்கினே பாட்டு எழுதினாரு. பெரிய ஆளாயிட்டாரு.”

அப்பா யோசித்தார். கவிஞரை யாரோ மலைக்கிராமத்துப் பையன் என்றே முடிவுகட்டிவிட்டார். பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, அந்த மலைக்காரப் புள்ளைய அவங்கப்பா வுடல. எம் புள்ளைய மட்டும் நான் வுட்டுடணுமா? இன்னாங்க நாயம் இது?”

“ஐயா, அவரு அயர்லாந்துங்க...”

“எந்தூரா இருந்தா இன்னாங்க? மலமேல கரியாலூருக்கு அந்தாண்டதான இருக்கும்? அப்பன் அப்பன்தானுங்க.”

பேராசிரியர் அடுத்த பருவம் வரை பார்ப்போம் என்றார்.

பஸ் ஏறும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த மலைக்காரப் புள்ளைய நான் கேட்டன்னு சொல்லுப்பா.”

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். விடுதிக்குத் திரும்பியபோது, கட்டி வைத்திருந்த படுக்கையை ஐரிஷ் அவிழ்த்து விரித்துக்கொண்டிருந்தான். அவன் போயிருந்தால், சத்தியமாக, நான் அழுதிருப்பேன்.